கால்தடத் தேர்தல்

பாறைக்காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று இரண்டு கரைகள். அந்தக் காட்டின் அரசியல் முழுவதும் அவ்வளவுதான்.

கிழக்குக் கரைக்குத் தலைவர் காட்டெருமை. மேற்குக் கரைக்குத் தலைவர் கரடி. மழைக்காலம் முடிந்து வரும் முதல் பௌர்ணமியன்று காலையில் தேர்தல். ஓட்டுப் போடும் முறை எளிமையானது. எந்தத் தலைவர் வேண்டுமோ அவருடைய கரையில் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். சேற்றில் பதிந்த கால்தடங்களை மாலையில் நண்டு எண்ணும். தடம் அதிகமுள்ள கரையின் தலைவர் அந்த வருடம் காட்டை ஆளுவார்.

ஆரம்பத்தில் அந்த ஒரு நாள்தான் கரை பார்த்தார்கள். பிறகு எல்லா நாளும் பார்க்கத் தொடங்கினார்கள். மேற்கே குடிக்கிற முயல் தாகத்தில் செத்தாலும் கிழக்கே நாக்கை நீட்டாது. கிழக்கே குடிக்கிற குடும்பம் மேற்கே பெண் எடுத்தால், அதை அவள் சாகும்வரை சொல்லிக்காட்டும். அந்தக் காட்டில் திருடனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. 'கரை மாறிக் குடித்தவன்' என்று பெயர் வாங்கியவனுக்குக் கிடையாது.

கிழக்குக் கரையில் மொட்டையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தான். பத்துத் தேர்தலுக்கு முன்னால் நடந்த அடிதடியில் வாலை இழந்தவன். எந்தப் பேச்சையும், "கட்சிக்காக வாலைக் கொடுத்தவன் நான்!" என்றுதான் ஆரம்பிப்பான். அவன் மனைவி கறுப்பி மேற்குக் கரையில் பிறந்து கிழக்குக் கரைக்கு வாழ வந்தவள். அவர்களுக்கு ஐந்து குட்டிகள்.

அந்த வருடம் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது காட்டில் பேதி பரவியது. கிழக்கே இரண்டு மான்கள் செத்தன. மேற்கே நான்கு முயல்கள் செத்தன. மொட்டையனின் குட்டிகளில் ஒன்றுக்குக் காலையில் பேதியானது. மதியம் வாந்தி எடுத்தது. மறுநாள் எழுந்திருக்கவில்லை.

அந்தக் குளத்தில் மீன் பிடித்துப் பிழைத்த நீர்க்காகம் ஒன்று உண்டு. அதற்குக் கரை கிடையாது. குளத்தின் நடுவில் நின்ற பட்டமரம்தான் அதன் வீடு. அன்று அது வழக்கத்தைவிட ஆழமாக முங்கியது. பதறிக்கொண்டு மேலே வந்தது.

"குளத்துக்கு அடியிலே வேரிலே சிக்கி நரி செத்துக் கிடக்குது! ஊதி, அழுகி, நாறிப் போச்சு! யாரும் தண்ணியைக் குடிக்காதீங்க!"

அந்த நரியை எல்லாருக்கும் தெரியும். இரண்டு கரைக்கும் கோஷம் போட்ட நரி. கரை மாறும்போது கால்தடம் விழக் கூடாது என்பதற்காகக் குளத்தில் நீந்தியே போகும். இந்தத் தடவை ஒரு கரையில் விருந்தை முடித்துக்கொண்டு, அடுத்த கரை விருந்துக்கு நீந்தியது. வயிற்றுப் பாரம் தாங்காமல் நடுவிலேயே முழுகிவிட்டது. "துரோகி மேற்கே போய்விட்டான்" என்று கிழக்கே பேசிக்கொண்டார்கள். "அவன் இன்னும் கிழக்கேதான் தின்றுகொண்டிருக்கிறான்" என்று மேற்கே பேசிக்கொண்டார்கள். அதனால் யாரும் அதைத் தேடவில்லை.

கிழக்குக் கரையின் பேச்சாளர் குரங்கு. அது கிளையிலிருந்து கேட்டது: "அது யாருடைய நரி?"

"செத்த நரி! யாருடையதா இருந்தா என்ன?"

"அதெப்படி? கடைசியா எந்தக் கரைக்குக் கோஷம் போட்டது? அதைச் சொல்லு முதல்ல!"

"கோஷம் அழுகலேய்யா! உடம்புதான் அழுகியிருக்கு!"

மேற்குக் கரையிலிருந்து ஒரு கிழட்டு முயல் கத்தியது: "தேர்தல் நேரம் பார்த்துக் குடிக்காதேன்னு சொல்றியே! எத்தனை மீன் வாங்கினே?"

"மாமா, மீனை நானே பிடிச்சுக்குவேன். எவன்கிட்டயும் வாங்க வேண்டியதில்லை."

"பார்த்தீங்களா, ஒத்துக்க மாட்டேங்குது!"

நீர்க்காகம் இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டது. "பெரிய பாறைக்குப் பின்னாலே ஊற்று இருக்கு. சுத்தமான தண்ணி. கொஞ்ச நாள் அங்கே குடிங்க. இங்கே ரெண்டு கரையும் சேர்ந்து காட்டுக்கொடியைக் கட்டி இழுத்தா நரி வெளியே வந்துடும்."

"ரெண்டு கரையும் சேர்ந்தா!" என்று கிழக்குக் கரை அலறியது.

"சேர்ந்தா!" என்று மேற்குக் கரையும் அலறியது.

மாலையில் தலைவர்கள் பேசினார்கள். காட்டெருமை மேட்டில் ஏறி நின்றது.

"என் அருமைக் கிழக்குக் கரை மக்களே! கெட்டுப்போனது மேற்குக் கரைத் தண்ணீர்! நம் தண்ணீர் நம் முன்னோர் குடித்த தண்ணீர்! நம் தியாகிகள் ரத்தம் சிந்திக் காத்த தண்ணீர்! அதைப் பழிப்பவன் நம்மைப் பழிக்கிறான்!"

"அதே குளம்தானே? நடுவிலே வேலியா போட்டிருக்கு?" என்றது நீர்க்காகம்.

"தலைவர் சொன்னா வேலி இருக்கும்!" என்றது குரங்கு. கரை அதிரும்படி ஆரவாரம்.

எதிர்க்கரையில் கரடி முழங்கியது: "நோய் என்ற ஒன்றே இல்லை! தோல்வி பயத்தில் எருமை கிளப்பிய புரளி! சந்தேகப்படுபவர்கள் இப்போதே என் முன்னால் குடித்துக் காட்டுங்கள்!"

எல்லாரும் குடித்துக் காட்டினார்கள். கரடி குடிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று மாலையே கறுப்பி புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா பாருய்யா, இன்னொரு குட்டிக்கும் பேதி ஆரம்பிச்சுடுச்சு. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊற்றுக்குப் போறேன். நீயும் வா."

"உன் பிறந்த கரைப் புத்தி உன்னை விட்டுப் போகலே! நம்ம கரையிலே தடம் குறையணும்னு கரடி போட்ட திட்டம் இது!"

"கரடியும் குடிக்கத்தான்யா சொல்லுது! உன் தலைவரும் குடிக்கத்தான் சொல்றாரு. குடிக்காதேன்னு சொல்றது அந்தப் பறவை ஒண்ணுதான்."

மொட்டையன் யோசித்துப் பார்த்தான். யோசித்துப் பழக்கமில்லை. அதனால் கோபம்தான் வந்தது.

"கட்சிக்காக வாலைக் கொடுத்தவன் நான்!"

"வாலைக் கொடுத்தே, சரி. ஒரு பிள்ளையையும் கொடுத்தாச்சு. மிச்சம் நாலையும் கொடுக்கணுமா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோயாளிக் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி நடக்கவைத்தாள். மற்ற மூன்றும் பின்னால் போயின. "கறுப்பி கரை மாறிட்டா!" என்று குரங்கு மரத்துக்கு மரம் தாவிச் சேதி சொன்னது. மொட்டையன் அவமானத்தில் நிலத்தைக் கிளறினான். பிறகு போய் வயிறு முட்டக் கிழக்குக் கரைத் தண்ணீர் குடித்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள். மொட்டையனுக்கும் வயிறு கடமுடவென்றிருந்தது. ஆனால் அவனை வாட்டியது அது இல்லை. பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் வராவிட்டால் கரைக்கு இருபது தடம் குறையும்! எப்படியாவது இழுத்துவர வேண்டும் என்று பாறையில் ஏறினான். நாலு எட்டு வைப்பான், புதர் தேடி ஓடுவான். அப்படி ஏறி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

பாறைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

"தண்ணி எப்படி அண்ணே?"

"ஜில்லுன்னு இருக்கு தம்பி. உங்க பக்கம் கூட்டம் எப்படி?"

"குடிக்கிறாங்க அண்ணே, பாவம். சொன்னதைச் செய்யற ஜனங்க. உங்க பக்கம்?"

"விடாம குடிக்கிறாங்க. ஆனா நாளுக்கு நாள் தடம் குறையுது. நல்லவேளை, நாளைக்கே தேர்தல். இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தா எண்ணுறதுக்கு ஒண்ணும் இருக்காது."

மொட்டையன் எட்டிப் பார்த்தான். ஊற்றில் காட்டெருமையும் கரடியும் தோளோடு தோள் உரசி நின்று குடித்துக்கொண்டிருந்தன.

"தலைவரே!"

காட்டெருமை நிதானமாகத் திரும்பியது. "யாருப்பா நீ? எந்தக் கரை?"

"நான்தான் தலைவரே! மொட்டையன்! உங்களுக்காக வாலைக் கொடுத்தவன்!"

காட்டெருமை அவன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தது.

"அடடா! நாலைந்து தடவை கூட்டத்திலே பார்த்திருக்கேன். பிறவிக் குறைன்னு நினைச்சேன்" என்றது.

கரடி வாயைத் துடைத்துக்கொண்டது. "நாளைக்கு மறக்காம வந்து குடிப்பா!" என்றது. இரண்டும் இறங்கிப் போயின. பாறை முனை வரைக்கும் ஒன்றாக நடந்தன. அங்கே ஒன்று கிழக்கே திரும்பியது, மற்றது மேற்கே திரும்பியது.

புதர் மறைவிலிருந்து கறுப்பி வந்தாள். பின்னால் நாலு குட்டிகள். பேதியில் கிடந்த குட்டி இப்போது தம்பியின் காதைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"தினமும் காலையிலே ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வருவாங்க" என்றாள் கறுப்பி.

"வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நம்பியிருப்பியா?"

மொட்டையன் ஊற்றில் வாயை வைத்தான். குடித்து முடித்ததும் குளத்தை நோக்கி ஓடினான்.

"கேளுங்க! கேளுங்க! ரெண்டு தலைவரும் ஊற்றிலே குடிக்கிறாங்க! என் கண்ணாலே பார்த்தேன்! நமக்கு மட்டும்தான் இந்த நாற்றத் தண்ணி!"

குரங்கு தொண்டையைச் செருமியது.

"நம்ம தலைவர் ஊற்றுக்குப் போனார்னா, அந்தத் தண்ணி நமக்கு ஆகுமான்னு சோதிக்கப் போயிருப்பார்! நமக்காக உயிரையே பணயம் வைக்கிறார்!"

"எங்க தலைவர் போனது உங்க தலைவரை வேவு பார்க்க!" என்றது கிழட்டு முயல்.

"ரெண்டும் 'அண்ணே', 'தம்பி'ன்னு கொஞ்சிக்கிட்டிருந்தாங்கடா!"

"அதுதான்டா அரசியல் நாகரிகம்!" என்று இரண்டு கரையும் ஒரே குரலில் சொல்லின.

பிறகு ஒரு குரல் எழுந்தது: "மொட்டையன் கரை மாறிட்டான்!"

"எந்தக் கரைக்கு மாறினேன்? ஊற்றுக்குக் கரையே கிடையாதே!"

"அப்போ அது இன்னும் மோசம்! அடிங்கடா!"

கிழக்கிலிருந்தும் கல் வந்தது. மேற்கிலிருந்தும் கல் வந்தது. செத்த நரியை இழுக்க ஒன்றுசேராத இரண்டு கரைகளும், உயிரோடு இருந்த ஒரு பன்றியை விரட்ட ஒன்றுசேர்ந்தன. அந்தக் காட்டின் வரலாற்றில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மறுநாள் தேர்தல் அமோகமாக நடந்தது. காலையிலிருந்து குடித்தார்கள். ஒரு தடம் அதிகமாக விழட்டும் என்று சாக்கடைபோல் நாறிய தண்ணீரை மூக்கைச் சுளிக்காமல் குடித்தார்கள். நடக்க முடியாதவர்களை இழுத்து வந்தார்கள். நிற்கவும் முடியாதவர்களின் காலைப் பிடித்துச் சேற்றில் அழுத்தினார்கள்.

மாலையில் நண்டு எண்ணியது. கிழக்கே நூற்று நாற்பது தடம். மேற்கே நூற்று முப்பத்தாறு. காட்டெருமை நாலு தடத்தில் வெற்றி! அந்த நாலும், காலையிலேயே செத்துப்போன ஒரு மானின் கால்களைப் பிடித்துக் குரங்கு பதித்தவை.

ஐந்தாம் நாள் வெற்றி விழா. காட்டெருமை மேட்டில் ஏறியது.

"என் அருமைக் கிழக்குக் கரை மக்களே!"

பதில் இல்லை. காட்டெருமை சுற்றிலும் பார்த்தது. "கூட்டம் எங்கே?"

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த குரங்கு முனகியது: "படுத்திருக்காங்க தலைவரே."

"எல்லாருமா? எழுப்பு!"

"பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டாங்க தலைவரே. நானும் இறங்கினா திரும்ப ஏற முடியாது."

எதிர்க்கரையில் கரடி மார்பில் அடித்துக்கொண்டு கத்தியது: "கள்ளத் தடம்! செத்த மானைக் கொண்டு ஜெயித்தார்கள்! மறுதேர்தல் வேண்டும்!"

நண்டு வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"யாரை வச்சு?" என்று கேட்டது.

அன்று சாயங்காலம் ஊற்றுக்குப் பக்கத்தில் கறுப்பி குட்டிகளுக்குக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். மொட்டையன் கல்லடி பட்ட காலை நனைத்துக்கொண்டிருந்தான். பாறைமேல் ஏதோ அசைந்தது. மேற்குக் கரைக் கிழட்டு முயல்! தோலும் எலும்புமாகத் தவழ்ந்து வந்தது. நீர்க்காகம்தான் வழி காட்டிக் கூட்டி வந்திருந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கும்போது முயல் நின்றுவிட்டது. ஊற்றை இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

"மொட்டையா..." என்று மூச்சு வாங்கியது. "இதிலே எதுப்பா மேற்குப் பக்கம்?"

"கட்சிக்காக வாலைக்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மொட்டையன், கறுப்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். முயலின் பின்னங்கழுத்தில் மூக்கை வைத்து ஒரே தள்ளு. முயல் ஊற்றுக்குள் முகம் குப்புற விழுந்தது.

"முதல்ல குடிய்யா கிழவா! உசிரு வரட்டும். சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்!"

முயல் குடித்தது.

தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கட்சி பார்க்கலாம். குடிக்கும் தண்ணீருக்கும் கட்சி பார்க்கிறவன், தன் தலைவன் ஜெயித்ததைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டான்.