ஈயாட்டத்துக்கு ஒரு பக்கம்

தங்கள் தாலுகாவுக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் எழுதப் புறப்பட்ட மூன்று பேர், ஒரு பக்கத்துக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போன கதை இது. தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தலைமைப் பதிப்பாசிரியர் சென்னியப்பன், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் நாச்சிமுத்து, ஊர் ஊராகச் சுற்றித் தகவல் சேர்ப்பவர். மூன்றாமவர் பூவாத்தாள், பள்ளி ஆசிரியை. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பதிவு அச்சுக்குப் போகும். இன்னொரு விதியும் உண்டு. ஒரு பதிவினால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் அந்தப் பதிவில் கை வைக்கக் கூடாது.

கரும்பு ஆலைகள் நிறைந்த அந்தப் பக்கத்துச் சந்தைகளில் ஈயாட்டம் என்று ஒன்று நடக்கிறது. சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வெல்லக்கட்டியை முன்னால் வைப்பார்கள். யாருடைய கட்டியில் முதலில் ஈ உட்காருகிறதோ, பந்தயம் முழுவதும் அவருக்கு. போலீஸ் வந்தால் ஆட்டம் கலையும், போனதும் கூடும். நாச்சிமுத்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவந்தார். 'பாரம்பரிய விளையாட்டு' என்று தொடங்கிய அந்தப் பக்கத்தில் ஆட்ட விதிகளும் இருந்தன. கட்டிகளை ஆட்டம் நடத்துபவரிடமே வாங்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன், நடுவர் போல ஒருவர் எல்லாக் கட்டிகளையும் எடுத்து அளவு பார்த்து வைப்பார்.

"இத்தனையும் யார் சொன்னது?" என்று கேட்டார் பூவாத்தாள்.

"குப்பண்ணன். அவரை விட்டா யாருங்க வாய் திறக்கறாங்க? சொன்னதை மாத்தாம எழுதறேன்னு வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினேன்."

குப்பண்ணன் ஆட்டம் நடத்துபவர். பூவாத்தாளின் கணவர் பொங்கியண்ணன் தன் வெல்ல ஆலையை அந்த ஆட்டத்தில் தோற்றுத்தான் குப்பண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். சூதில் எழுதி வாங்கியது செல்லாது என்று பூவாத்தாள் வழக்குப் போட்டிருக்கிறார். இது சூதே இல்லை, காலங்காலமாக ஆடும் ஊர் விளையாட்டு என்பது குப்பண்ணன் தரப்பு. அன்று காலையில்கூடக் குப்பண்ணன் அலுவலக வாசலில் வந்து நின்று, "புஸ்தகம் எப்பங்க வருது? நம்ம வக்கீல் முதல் பிரதி வேணும்னு சொல்லி வெச்சிருக்காரு" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

சென்னியப்பன் அந்தப் பக்கத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டார்.

"கோயில், குளம், அணைன்னு எழுதற புத்தகத்துல ஈ ஓட்டறவனுக்கு ஒரு பக்கமா? வெளியூர்க்காரன் படிச்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?"

"நடக்கறதை நினைப்பான்" என்றார் நாச்சிமுத்து. "போன வாரம் சாராயம் காய்ச்சின ஊர்னு ஒரு பதிவுல கையெழுத்துப் போட்டீங்களே, அது என்ன திருவிழாவுங்களா?"

"அது வெள்ளைக்காரன் காலம்."

"ஓ, பழசானா குற்றமும் வரலாறு ஆயிடுமுங்களா?"

சென்னியப்பன் அவரை விட்டுப் பூவாத்தாள் பக்கம் திரும்பினார். "அம்மிணி, உனக்காகவும்தான் சொல்றேன். பக்கம் வரலைன்னா அவன் வக்கீலுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. பேசாம இரு."

பூவாத்தாள் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அதுதான் நல்லது.

"பக்கம் வரட்டும்" என்றார். "விளையாட்டுங்கறதை அடிச்சுட்டு சூதுன்னு போடுங்க. அளவு பார்க்கறவன் விரல்ல வேப்பெண்ணெய் இருக்கும். அந்த விரல் பட்ட கட்டிகிட்ட ஈ வராது, படாம எடுத்து வெச்ச கட்டிக்குத்தான் வரும். அதையும் எழுதுங்க. இன்னும் மூணு சந்தையில ஆட்டம் நடக்குது."

நாச்சிமுத்து சிரித்தார். "டீச்சர் ஆட்டத்துக்குப் போனதுண்டுங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர்தான் அளவு பார்த்தவர். பங்கு வாங்கிட்டு வர்ற நாளெல்லாம் அவர் சட்டையில அந்த வாடை அடிக்கும். கடைசியில இவரையே ஆட விட்டு, அளவு பார்க்க வேற ஒருத்தனை உட்கார வெச்சு, அதே எண்ணெயை இவர் கட்டியில தடவினாங்க."



"இதை வெளியில சொன்னா வழக்கு போச்சு" என்றார் சென்னியப்பன். "கூட்டாளி கூட்டாளிக்கு எழுதிக் கொடுத்தான்னு அவன் வக்கீல் முடிச்சுடுவான். செத்தவர் பேரும் கெடும்."

"தெரியும்."

"தவிர, இதுல உனக்குச் சம்பந்தம் இருக்கு. விதிப்படி நீ கை வைக்கவே கூடாது."

பூவாத்தாள் பதிப்பாசிரியர் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்தார். அந்தப் பக்கத்தின் கீழே, 'தகவல் தந்தவர்: பொங்கியண்ணனின் மனைவி பூவாத்தாள்' என்று எழுதினார். கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று நாச்சிமுத்து கையெழுத்துப் போட மறுத்தார். ஊர் மானத்தை விற்க மாட்டேன் என்று சென்னியப்பனும் மறுத்தார். பக்கம் அச்சுக்குப் போகவில்லை.

ஒருவர் வாக்கைக் காத்தார். ஒருவர் ஊரின் பெயரையும், அவர் கணக்கில் ஒரு பெண்ணின் சொத்தையும் காத்தார். ஒருவர் விதியை மீறித் தனக்குச் சம்பந்தப்பட்ட பக்கத்தில் கை வைத்தார். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: பூவாத்தாள். ஒரு விஷயம் கலைக்களஞ்சியத்தில் இடம் பெறுவது அதற்குச் சூட்டும் மாலை அல்ல. சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் ஈயாட்டம் நடக்காததாகிவிடாது. ஆனால் நடத்துகிறவனின் வாயைக் கொண்டு மட்டும் எழுதினால் அது அவனுடைய விளம்பரம். நாச்சிமுத்து காத்த வாக்கு அந்த விளம்பரத்துக்குக் கொடுத்தது. சென்னியப்பன் காத்த மானம், இன்னும் மூன்று சந்தைகளில் ஏமாறப்போகிறவர்களின் செலவில். விதியை மீறினாரே என்றால், தன் பக்கம் சாய்த்துச் சொல்பவரைத் தடுக்கத்தான் அந்த விதி. சூது என்ற சொல் ஒன்று பூவாத்தாளுக்குச் சாதகம்தான்; எண்ணெயைப் பற்றிச் சொன்னதோ அவர் ஆலைக்கும் கணவர் பெயருக்கும் எதிரானது. இழக்கப்போவது தெரிந்தே சொன்னவரைவிட நம்பத்தக்க சாட்சி அந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஆனால் இந்த விடையால் அவருக்கு ஆலை திரும்பாது. அவரிடத்தில் நானிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். திறந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை.