வெந்நீர் ஊற்றிய சரிவு

மலையின் மேல்தட்டில் வெண்மடு என்றோர் ஏரி உண்டு. அதன் கரையில் ஒரு குடில் அமைத்து நீலாயி அம்மை வாழ்ந்துவந்தார். ஞானம் தேடி வருகிறவர்களை அவர் முதலில் படகில் ஏற்றிக்கொண்டு வலை எடுக்கப் போவார். "துறவி மீன் பிடிக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு, "சாப்பிடலாம் என்றால் பிடிக்கலாம்" என்பது அவருடைய விடை.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களுள் வைத்தியலிங்கம் என்பவர் அம்மையைவிட வயதில் மூத்தவர். சமவெளியில் ஒரு நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்நாளில் அவர் அறைக்குள் நுழைந்தால், எழுந்து நிற்பவர்களின் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்கும். அந்த ஓசையை விட்டுவிட்டு மலையேறி வந்தவருக்கு, அதன் நினைவு மட்டும் காதைவிட்டு அகலவில்லை.

கோடையிலும் மழையிலும் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. மார்கழி பிறந்தது.

வெண்மடு ஏரி உறையாது. அதன் கரை உறையும். படகுகளை ஏற்றி இறக்குவதற்காகக் கல் பாவிய சரிவு ஒன்று அங்கே இருந்தது. மாலையில் ஏற்றிய படகுகளிலிருந்து ஒழுகிய நீரும் அதன்மேல் பெய்த பனியுமாக, விடியற்காலையில் அந்தச் சரிவு முழுவதும் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதில் நின்றபடி கால் வைத்தவர் எவரும் நின்றபடி நீரைச் சேர்ந்ததில்லை.

குளிர்காலத்தில் வலை எடுக்காமல் இருக்கவும் முடியாது. கெண்டைகள் குளிருக்கு ஒடுங்கி ஆழத்தில் கிடக்கும். மாலையில் ஆழத்தில் இறக்கிய வலையைக் காலையில் எடுத்தாக வேண்டும். ஆகையால் அந்த ஊரார்க்கு ஒரு வழக்கம் இருந்தது. படகைக் கயிற்றில் கட்டி மெல்ல நழுவவிடுவார்கள். பிறகு சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, நடை பழகாத பிள்ளையைப்போல் நகர்ந்து நகர்ந்து நீர்வரைக்கும் இறங்குவார்கள். ஆணும் பெண்ணும் அப்படித்தான்.

பனி விழுந்த முதல் நாள், அம்மை சாக்கை விரித்து உட்கார்ந்து இறங்கினார். வைத்தியலிங்கம் மேலேயே நின்றார்.

"என்னங்க ஐயா, ஜட்ஜு உத்தரவு போட்டாத்தான் உக்காருவீங்களா?"

கேட்டவர் செங்கமலம், மாசிலாமணி என்ற மீனவரின் மனைவி. கரையே சிரித்தது. சிரித்தவர்களுள் மாசிலாமணியும் ஒருவர்.

"முழங்காலில் வலி" என்று சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் குடிலுக்குத் திரும்பினார். முழங்காலில் வலி ஏதும் இல்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே எழுந்து, குடிலின் பெரிய அண்டாவில் நீரைக் கொதிக்கவைத்தார். நடை நடையாகச் சுமந்து சென்று சரிவில் ஊற்றினார். வெள்ளைப் பனி புகைந்து கரைந்தது. அடியிலிருந்த கருங்கல், அப்போதுதான் கழுவித் துடைத்ததுபோல் வெளிப்பட்டது. இனி இந்த ஊரில் எவரும் குழந்தையைப்போல் நகர வேண்டியதில்லை என்று எண்ணியபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குடிலுக்குப் போய், சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார். திருநீறு பூசினார். துடுப்பைத் தேடி எடுத்தார்.

கல்லின் குளிர் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. ஊற்றிய நீர் முழுவதும் கண்ணாடியாக இறுகிவிட்டது. வெள்ளைப் பனி, தான் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்கவில்லை. இதன் ஊடே கருங்கல்தான் தெரிந்தது.

அன்று கரைக்கு முதலில் வந்தவர் மாசிலாமணி. கல் காய்ந்திருக்கிறது என்று நம்பினார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார்.

வைத்தியலிங்கம் துடுப்போடு வந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. சரிவின் அடியில் மாசிலாமணியின் வலது கால், கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"கல்லு காஞ்சிருந்துச்சு" என்றார் மாசிலாமணி, பற்களைக் கடித்துக்கொண்டு. "சத்தியமா காஞ்சிருந்துச்சு."

"மார்கழியில எந்த ஊருல கல்லு காயுது?" செங்கமலம் அழுதுகொண்டே திட்டினார். "கொஞ்சம் உக்காந்து எறங்கியிருந்தா கொறஞ்சா போயிருப்ப? நடந்து காட்டணும்னு மினுக்கு!"

"ஆபீசர் ஐயாவப் பாத்துக் கத்துக்கிட்டான்போல" என்றார் ஒருவர்.

வைத்தியலிங்கம் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றார். வெயில் ஏறியது. சரிவிலிருந்த கண்ணாடி, தான் இருந்த சுவடே இல்லாமல் உருகி ஏரியில் கலந்தது.

மாசிலாமணி மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். ஊர் அவருக்குக் 'காஞ்சகல்லு' என்று பெயர் வைத்தது. தண்ணீர்க் குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சு. விழுவதற்கு முந்தின மாலை அவர் இறக்கிவைத்த வலை மட்டும் எடுப்பார் இல்லாமல் ஏரிக்குள் கிடந்தது. செங்கமலம் கணவரின் கட்டிலைவிட்டு அகல முடியவில்லை. மற்றவர்களுக்கு அவரவர் வலையை எடுக்கவே பகற்பொழுது போதவில்லை.

வைத்தியலிங்கம் அந்த வீடு இருந்த தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டார். ஏரிக்குச் சுற்றுவழியில் போனார். பிறகு ஏரிக்குப் போவதையும் விட்டார். ஒரு காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மையின் முன்னே வந்து நின்றார்.

அம்மை கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெட்கத்தை வெல்லுவது எப்படி?"

"பையை மாட்டிக்கொண்டா கேட்கிறீர்கள்?"

"பேருந்து வருவதற்குள் விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன்."

"யாருடைய வெட்கம்?"

வைத்தியலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். அண்டாவைச் சொன்னார், வெந்நீரைச் சொன்னார், சலவை வேட்டியைக்கூட விட்டுவிடவில்லை. அம்மையின் கையிலிருந்த ஊசி நிற்கவில்லை.

"இதை யார் யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?"

"உங்களிடந்தான் அம்மா. முதன்முதலாக."

"நான் விழவில்லையே."

வைத்தியலிங்கம் தலைகுனிந்தார். "அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் போன பிறகு நீங்கள் சொல்லிவிடுங்கள்."

"நான் ஊற்றவில்லையே."

"நன்மை செய்யத்தான் அம்மா ஊற்றினேன்."

"யாருக்கு?"

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைக் கூரையில் செருகினார். மூலையில் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்துக்கொண்டார்.

"பேருந்து வர நேரம் இருக்கிறது. மாசிலாமணியின் வலை நீருக்குள் கிடக்கிறது. மீன் அழுகினால் வலையும் கெட்டுப்போகும். துடுப்புப் போட எனக்கு ஓர் ஆள் வேண்டும்."

சரிவு அன்றும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். கணவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுச் செங்கமலமும் வந்திருந்தார். தனியாக வலையை எடுக்க முடியாது என்று தெரிந்தும் வந்திருந்தார். அம்மை மாசிலாமணியின் படகை நழுவவிடச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து இறங்கிப் போய்ப் படகில் ஏறிக்கொண்டார்.

"வாருங்கள்" என்றார் கீழிருந்து.

வைத்தியலிங்கம் தோளில் பையோடு மேலேயே நின்றார்.

"ஐயாவுக்கு முழங்கால் வலி!" என்றது ஒரு குரல்.

"காஞ்ச கல்லா ஒண்ணு பாத்துக் குடுங்கப்பா, நடந்தே வந்துருவாரு!" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு எழுந்தது. செங்கமலம் சட்டென்று திரும்பினார். "எங்க வீட்டுக்காரரு பேர இழுக்காதீங்க. காலும் ஒடஞ்சு, பொய்யும் சொல்லிட்டுக் கெடக்குறாரு. அது போதாதா ஒங்களுக்கு?"

"அவர் பொய் சொல்லவில்லை" என்றார் வைத்தியலிங்கம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"என்னங்க ஐயா?"

"உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. கல் காய்ந்திருப்பதுபோலத்தான் தெரிந்திருக்கும். அவர் வருவதற்கு முன்னால் அதில் நான் வெந்நீர் ஊற்றியிருந்தேன். அது உறைந்து கண்ணாடி ஆகிவிட்டது."

சிரிப்பு நின்றது.

"வெந்நீரா? எதுக்கு?"

நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்குப் பிறர் சொன்ன விடைகளை அவர் நாள்தோறும் எழுதியிருக்கிறார். அவற்றுள் ஒன்றும் இப்போது உதவவில்லை.

"உங்கள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது."

எவராவது சிரித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். எவரும் சிரிக்கவில்லை.

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இத்தன நாளா அந்த மனுசன நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் தெரியுமா? கஞ்சி குடுக்கும்போதுகூடத் திட்டிக்கிட்டேதான் குடுத்தேன்."

"மாசிலாமணியிடம் நான்…"

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? படுத்துக் கெடக்குறவர்கிட்ட வந்து சொல்லுங்க." தம் சாக்கை அவர் காலடியில் எறிந்தார். "இப்ப உக்காருங்க. வலை கெடக்குது."

வைத்தியலிங்கம் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். சாக்கை விரித்தார். உட்கார்ந்தார். குளிர் சாக்கையும் வேட்டியையும் கடந்து உடம்பில் ஏறியது. பாதி வழியில் கால் வழுக்கியது. உடல் பக்கவாட்டில் திரும்பி, வேட்டி முழங்காலுக்கு மேலே சுருண்டது. எவரோ சிரிக்கத் தொடங்கி, அடக்கிக்கொண்டார்.

"குதிகால்" என்றார் அம்மை கீழிருந்து. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் குதிகாலை ஊன்றினார்.

வலையில் பாதி மீன் கெட்டுப்போயிருந்தது. அதை எல்லாம் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நாற்றம் மூக்கை அடைத்தது. வலையை அலசி, மறுபடியும் ஆழத்தில் இறக்கிவிட்டு, தேறிய மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு அவர்கள் கரையேறியபோது வெயில் வந்துவிட்டது.

மாசிலாமணி அடுப்புக்கு அருகே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வைத்தியலிங்கம் மீன்கூடையோடு வாசலில் நின்றபடியே சொன்னார். அண்டாவிலிருந்து தொடங்கி, பேருந்து வரையில் சொன்னார். மாசிலாமணி கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ கல்லு கறுப்பாத்தான் தெரிஞ்சுச்சு?"

"கறுப்பாகத்தான் தெரிந்தது."

"காஞ்ச மாதிரி?"

"காய்ந்த மாதிரியேதான்."

"அடியே செங்கமலம்! கேட்டியா? ஐயா கோர்ட்டுல வேல பாத்தவரு. வேணும்னா முத்திர குத்தி வாங்கிக்க!" அவர் சிரித்தார். சிரித்ததில் கட்டில் ஆடியது, கால் அசைந்துவிட்டது. "ஐயோ" என்று பல்லைக் கடித்தார். வலி அடங்கியபோது அவர் கண்கள் நனைந்திருந்தன.

"காலு கெடக்கட்டும், ஐயா" என்றார் மெதுவாக. "ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. இவளே நம்பலையேன்னு நெனச்சேன் பாருங்க, அதத்தான்…" முடிக்காமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

செங்கமலம் அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலைத் தாண்டும்போது, "ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்கள்."

"இனிமே ஊத்தாதீங்க."

அவர் குடிலுக்குத் திரும்புமுன் பேருந்து போய்விட்டிருந்தது. அம்மை கைகளில் ஒட்டியிருந்த செதில்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சொல்லிவிட்டேன், அம்மா."

"உம்."

"அவர் சிரித்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை."

"கேட்டீர்களா?"

"கேட்க வாய் வரவில்லை."

அம்மை சொம்பை அவரிடம் நீட்டினார். வைத்தியலிங்கம் கை கழுவினார். எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. கடைசியில் சொம்பைக் கீழே வைத்தார்.

"நாளைக்கும் அந்தச் சரிவில்தானே இறங்க வேண்டும்? அந்தத் தெருவில்தானே நடக்க வேண்டும்? வெட்கம் குறையும் என்று நினைத்தேன். அது இம்மியும் குறையவில்லை, அம்மா. அப்படியே இருக்கிறது."

அம்மை ஈரச் சாக்கை உதறி வெயிலில் போட்டார்.

"விடிந்தால் மாசிலாமணியின் வலையை எடுக்க வேண்டும். வெட்கத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள். படகில் இடம் இருக்கிறது."