உறுமாத கருவாயன்

ஒரு ஊர்ல ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தாண்ட கண்ணுக்கு எட்டுன மட்டும் பனங்காடு. அந்த வீட்டுல மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் விடிஞ்சதும் உப்பளத்துக்குப் போயிருவான், பொழுது சாஞ்சாத்தான் வருவான். பகல் பூரா மாடத்தியும் அவ மக இசக்கியும் மட்டுந்தான். இசக்கி உன்ன விடச் சின்னவ, ஆனா உன்ன மாதிரியே ஒரு இடத்துல இருக்க மாட்டா. கால ஆட்டாத. ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

ஆங். அந்தப் பனங்காட்டுல ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மொகம் கெடையாது, கை கால் கெடையாது, வெறும் குரலுதான். அந்தக் குரலும் அதோடது இல்ல. உச்சி வெயில்ல, காத்து நின்னதும் வேலி ஓரமா வரும். எந்த வீட்டுக்கு வருதோ அந்த வீட்டு அம்மா குரல்ல பிள்ளையக் கூப்புடும். ஒரு பய "இதோ வாரேன்மா"ன்னு போனான். செருப்பு மட்டும் பனைமூட்டுல கெடந்துச்சு.

நாய்ங்க மட்டும் அதுகிட்ட ஏமாறாது. காதுல அம்மா குரல் கேட்டாலும் மூக்குல அம்மா வாசம் வரணும்ல? வரலன்னா ர்ர்ர்னு உறுமும். அதுக்கு ஊர்ல உள்ள எல்லாக் குரலும் வரும், உறுமல் மட்டும் வராது. உறுமலக் கேட்டா நிக்காது. அதனால பிள்ளை இருக்குற வீட்டுலயெல்லாம் நாய் வளப்பாங்க.

அப்போ மாடத்தியும் இசக்கியக் கூட்டிக்கிட்டு ஆட்டுக்கெடைக்குப் போனா. அங்க ஒரு தாய்நாய் மூணு குட்டி போட்டிருந்துச்சு. ஊரு வழக்கம் என்னன்னா, குட்டியக் கழுத்தப் புடிச்சுத் தூக்கணும், கத்தாம தொங்குனா நல்ல குட்டி. மாடத்தி தூக்கல. "வளரப் போறது என் பிள்ளைகூட, அவளப் பாத்து என்ன செய்யுதுன்னு பாப்போம்"னு இசக்கியத் தரையில உக்கார வச்சா. மொதக் குட்டி பாவாடையக் கவ்வி வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துச்சு, விடவே இல்ல. ரெண்டாவது நடுநடுங்கித் தாய்க்குப் பின்னால போய் ஒளிஞ்சுச்சு. மூணாவது, வாய் மட்டும் கறுப்பா இருந்த குட்டி, மெதுவா வந்து இசக்கி கைய மோந்துச்சு. மாடத்தி கையத் தட்டுனதும் மெரண்டு ஓடிச்சு, அப்புறம் தானாவே திரும்பி வந்துச்சு. "இவந்தான்"னுட்டா மாடத்தி. பால்குடி மறக்குற வரைக்கும் தாய்கிட்டயே விட்டுட்டு, அப்புறமாத்தான் தூக்கிட்டு வந்தா. பேரு கருவாயன்.

தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவளுக்கு வளக்கத் தெரியல பாரு.

ஒருநா கருவாயன் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தான். இசக்கி சட்டிக்குள்ள கைய விட்டா. ர்ர்ர்னான். "பிள்ளையையா உறுமுற!"ன்னு மாடத்தி வெளக்குமாத்தால சொத்துன்னு ஒண்ணு போட்டா. அப்புறம் ஒருநா அவன் தூங்கும்போது இசக்கி மேல விழுந்தா. ர்ர்ர். சொத்து. இன்னொரு நா காதப் புடிச்சு இழுத்துக் கழுத்தக் கட்டி இறுக்குனா. ர்ர்ர். சொத்து, சொத்து.

அவன் கடிக்க வரலடா. 'ஏ பிள்ள, வலிக்குது, விடு'ன்னு அவன் பாஷையில சொன்னான். அதுக்குத்தான் அத்தன அடி. நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா வருது.

அதுக்கப்புறம் கருவாயன் வாயத் தொறக்கல. காத இழுத்தாலும் சும்மா இருந்தான். "எம்புட்டு சாதுவா ஆக்கிப்புட்டேன் பாத்தீங்களா"ன்னு தெருவெல்லாம் சொன்னா மாடத்தி. பெரும பீத்தலுக்குக் கொறச்சல் இல்ல. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ ஒரு நா உச்சிவேள. மாடத்தி வீட்டுக்குள்ள தொம் தொம்முன்னு மாவு இடிச்சுக்கிட்டு இருந்தா. வெளிய சலசலன்னு ஆடிக்கிட்டு இருந்த பனையோல சட்டுன்னு நின்னுருச்சு. கோழி கொத்துறத நிறுத்திருச்சு. மாடத்தி உலக்கையத் தூக்குனவ அப்படியே நின்னா. வெளிய அவளோட குரலே கேக்குது.

"இசக்கி... வாடி கண்ணு... முறுக்குத் தாரேன்..."

மாடத்தி உலக்கையோட ஓடுனா. இசக்கி வேலிப் படலத் தொறந்து காட்டப் பாத்து நடக்குறா. பக்கத்துல கருவாயன் முதுகு மயிரு சிலுத்து, பல்லெல்லாம் தெரிய நிக்கிறான். ஒடம்பு வெடவெடங்குது. ஆனா சத்தம் மட்டும் இல்ல. காட்டப் பாக்குறான், மாடத்தி கையில இருக்குற உலக்கையப் பாக்குறான், வால ஒடுக்கிக்கிறான்.

"இசக்கி, போகாத! அம்மா இங்க இருக்கேன்!"

"இசக்கி, போகாத! அம்மா இங்க இருக்கேன்!" காட்டுக்குள்ள இருந்து அதே குரல்.

பிள்ள நின்னு இங்கிட்டும் பாத்தா, அங்கிட்டும் பாத்தா. அப்போ காடு சொல்லிச்சு: "கையில உலக்கை வச்சிருக்கா பாரு, அவ பேயி. ஓடியாடி!"

இசக்கி ஓடுனா. மாடத்தி தொரத்தத் தொரத்த, பெத்த பிள்ள அவளுக்குப் பயந்து ஓடுது. இனி தொரத்துனா காட்டுக்குள்ளயே போயிரும். வாயத் தொறந்து கூப்புடவும் வழியில்ல, அவ குரலத்தான் அது களவாண்டு வச்சிருக்கே.

அப்போதான் அவளுக்கு வெளங்குச்சு. அய்யோ, இவன் வாய நாந்தானே அடிச்சு அடச்சேன்!

டங்குன்னு உலக்கையத் தூக்கி எறிஞ்சா. கருவாயன் பக்கத்துல மண்ணுல ரெண்டு கையையும் ஊனி, நாய் மாதிரியே குனிஞ்சா. குனிஞ்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு, ர்ர்ர்ர்னு உறுமுனா.

கருவாயன் அவ மொகத்தப் பாத்தான். அவ இன்னொருக்கா உறுமுனா. மூணாந்தடவ அவ ர்ர்ர்னதும், அவன் அடிவயித்துல இருந்து கெளம்புச்சு பாரு, ர்ர்ர்ர்ர்! லொள்! லொள்! ஒரே பாய்ச்சல். பிள்ளைக்கும் பனைக்கும் நடுவுல போய் நின்னுட்டான்.

"இசக்..."ன்னுச்சு அது. குரல் ஒடஞ்சு போச்சு. அப்புறம் மேலத்தெரு அம்மா குரல், கீழத்தெரு அம்மா குரல், எந்தக் காலத்துலயோ செத்துப்போன அம்மாக்க குரலு, ஒவ்வொண்ணா வந்து வந்து தேஞ்சு போச்சு. கடைசியில ஒண்ணுமில்ல. சலசலன்னு ஓல ஆடுச்சு.

இசக்கி வீல்னு அழுதுக்கிட்டே ஓடியாந்து கருவாயன் கழுத்தக் கட்டி இறுக்குனா. அவன் மெல்லமா ர்ர்னான்.

மாடத்தி பதறிக் கைய ஓங்குனா. ஓங்குன கை அப்படியே நின்னுச்சு. கீழ எறக்கி, "கைய எடு தங்கம். வேணாங்கறான்ல"ன்னா.

இசக்கி கைய எடுத்தா. கருவாயன் கொஞ்ச நேரம் தள்ளி நின்னு மூச்சு வாங்குனான். அப்புறம் தானாவே கிட்ட வந்து, அவ கன்னத்துல வழிஞ்ச கண்ணீர நக்குனான்.

என்னடா முழிக்கிற? ஆமா, வாசல்ல நம்ம நாய்ப்பய உறுமுறான். எனக்கும் கேக்குது. உறுமட்டும், அதட்டாத. வெளிய யாரு உன் பேரச் சொல்லிக் கூப்புட்டாலும் நீ ம் கொட்டாத. நான் இங்கதான் இருக்கேன், என் கையத் தொட்டுப் பாரு. கதை படுத்தாச்சு, நீயும் கண்ண மூடு.