ஜால்ரா கேட்காத ஸ்பீக்கர்

ஐந்தாவது முறையாகக் கட்டிய ஸ்பீக்கரும் சரியில்லை என்று தெரிந்ததும், அரங்கசாமிக்கு இனி தன்னால் ஆகாது என்று தோன்றியது. அறுபத்து மூன்று வயதில் முதுகு அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் குருவுக்குப் போன் போட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் கோகிலவாணி. கணபதி என்கிற பகுதியில் ஒரு பட்டறையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவள். ஆறு நாள் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாவது நாள் வீட்டில் ஸ்பீக்கர் கட்டுவாள். கடையில் விற்கிற மாதிரி இல்லை. காந்தம் கிடையாது, காகிதக் கூம்பு கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு தகடுகள், நடுவில் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஃபிலிம், அதில் சில ஆயிரம் வோல்ட். தகட்டில் பாட்டு ஏறினால் ஃபிலிம் அசையும். ஃபிலிம் அசைந்தால் பாட்டு கேட்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். கட்ட உட்கார்ந்தால் உயிர் போய்விடும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக்குத் தேடிப் போய், எனக்கும் கற்றுக் கொடுங்கள் என்று நின்றவர் அரங்கசாமி. அவரிடம் ஒரு கேசட் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி பஜனை. மில்லில் எந்த அதிகாரிக்கும் ஜால்ரா அடிக்காத மனுஷன், பஜனை மடத்தில் மட்டும் அடித்தார். அந்தக் கேசட்டில் அவர் கை இருக்கிறது. அதை ஒரே ஒரு தடவை சுத்தமாகக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகிலவாணி வந்தாள். தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

"என்னங்கய்யா குறை?"

"ஜால்ரா வரலீங் அம்மணி. பாட்டு வருது, ஆர்மோனியம் வருது. ஜால்ரா மட்டும் இல்லவே இல்லை."

"போடுங்க, கேப்போம்."

போட்டார். இரண்டு நிமிஷம் ஓடியது. நிறுத்தினார்.

"பாத்தீங்களா?"

அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"மிருதங்கத்துல எடது கை கேக்குதுங்களா?"

அரங்கசாமி யோசித்தார். "இல்லீங்."

"மொத மொதக் கட்டினப்போ?"

"அப்போ கும்முனு கேட்டுது."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஃபிலிமை இன்னும் இழுத்துக் கட்டினேன். இறுக்கினா ஜால்ரா வந்துரும்னு."

"வந்துதா?"

"இல்லீங்."

"அதனால?"

"இன்னும் கொஞ்சம் இழுத்தேன்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவை இறுக்கியபோதும் கனத்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிருக்கிறது. ஜால்ராவைத் தேடிய மும்முரத்தில் மிருதங்கம் போனதைக் கவனிக்கவே இல்லை.

அவள் எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கினாலும் ஃபிலிமில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும். பத்து நிமிஷம் யாரும் தொடக்கூடாது. இது அவள் முதல் நாளே சொல்லிக் கொடுத்த சட்டம். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மனதில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவனுக்குப் பத்து நிமிஷம் ரொம்ப நீளம்.

"தை மாசம் காது டாக்டருகிட்டப் போனனுங்," என்றார் அரங்கசாமி.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கிராஃப் போட்டுக் காட்டினாங்க. கோடு நேரா வந்துட்டு, கடைசில கெணத்துல குதிச்ச மாதிரி எறங்கிருச்சு. முப்பது வருஷம் மில்லு சத்தமுங். ஜால்ரா மாதிரி சன்னமான சத்தமெல்லாம் போயிருச்சு, இனி வராதுன்னாங்க."

"காதுல மெஷின் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கரகரங்குது. ஜால்ரா வரலை."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா பாதியிலயே நிறுத்தச் சொல்லிருப்பீங்க."

"ஆமாங். சொல்லிருப்பேன்."

அந்த நேர்மை அவருக்குச் சுருக்கென்றது. பிடுங்கிய பிளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மொதல்ல கட்டினதே சரியாத்தான் இருந்துதுங்களா?"

"இருந்துது. நான் அன்னைக்கே சொன்னேன். நீங்க நம்பலை."

ஐந்து ஃபிலிம். ஒன்றரை வருஷம். ஃபிலிமில் மின்சாரம் ஏறுவதற்காகப் பஞ்சில் கிராஃபைட் பொடியைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன எத்தனை மத்தியானங்கள். எல்லாம் வீண். அரங்கசாமிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"ஸ்பீக்கர்ல குறைன்னா பிரிச்சுச் சரி பண்ணலாமுங் அம்மணி," என்றார். "குறை எங்கிட்ட இருந்தா என்னத்தப் பிரிக்கறது?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ஃபிலிம் எவ்வளவு பாக்கி இருக்குது?"

"ஒரு தடவைக்குத்தான் வரும்."

"எடுங்க."

"இனி எதுக்குங்? யாரு கேக்கறதுக்கு?"

"எடுங்கய்யா."

எடுத்தார். அவள் கை வைக்கவில்லை, எல்லாவற்றையும் அவரையே செய்ய வைத்தாள். மரச்சட்டத்தில் ஃபிலிமை ஒட்டி நாலு பக்கமும் இழுக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அவள் நிறுத்தினாள்.

"போதும்."

"தொளதொளன்னு இருக்குதுங்."

"போதும்."

கிராஃபைட் தேய்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவுக்குத் துடைத்து எடுத்தார். தகடுகளை முடுக்கினார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. மூன்றரை மணிக்கு மறுபடி பிளக்கை மாட்டி, ஃபிலிமில் மின்சாரம் ஏறும்வரை காத்திருந்து, கேசட்டைப் போட்டார்.

மிருதங்கம் வந்து வயிற்றில் இடித்தது. பாடுகிறவர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையைச் செருமுகிறவர் யார் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஜால்ரா மட்டும் இல்லை.

இரண்டு நிமிஷம் ஆனது. அரங்கசாமியின் கை தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போனது.

"கையை எடுங்க," என்றாள் கோகிலவாணி. "ரெண்டு நிமிஷத்துக்கு மேல நீங்க ஒரு நாளும் ஓடவிட்டதில்லை."

உண்மைதான். ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதி அது. பாட்டின் தொடக்கத்தைப் போட்டுக் குறையைத் தேடுவார்கள், கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். முழுப் பாட்டைக் கேட்கப் பொறுமை இருக்காது.

"கையை மேசை மேல வைங்க."

வைத்தார். அவள் பென்சில் ஒன்றை எடுத்தாள். அதன் நுனியால் அவர் புறங்கையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். தட்டு, தட்டு, தட்டு. அரங்கசாமிக்குப் புரிந்தது. ஜால்ரா விழுகிற இடத்திலெல்லாம் பென்சில் விழுகிறது.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"பரவாயில்லீங் அம்மணி, நிறுத்திக்குங்க. தாளந் தெரிஞ்சவங்க யாரு வேணாலும் தட்டலாம். என் மனசு ஆறட்டும்னு பண்றீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது பாட்டு. அடி வேகம் பிடித்தது, பென்சிலும் வேகம் பிடித்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில் பென்சில் சட்டென்று நின்றது. பாட்டு நிற்கவில்லை. மிருதங்கம் நிற்கவில்லை. பென்சில் மட்டும் கைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மறுபடி விழ ஆரம்பித்தது.

அரங்கசாமிக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

அன்றைக்கு அந்த இடத்தில் ஜால்ராவின் கயிறு விரலிலிருந்து நழுவியது. ஜோடியில் ஒன்று மடியில் விழுந்தது. பொறுக்கி எடுத்துக் கோத்துக்கொள்வதற்குள் நாலு தட்டு போய்விட்டது. பாட்டு மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவரும் இன்றுவரை யாரிடமும், கட்டிய மனைவியிடம்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அங்க ஏனுங் நிறுத்தினீங்க?" என்றார் அவர்.

"அங்க ஜால்ரா இல்லீங்கய்யா."

அரங்கசாமி ஸ்பீக்கரைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பென்சில் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஸ்பீக்கர் சரியாத்தான் இருக்குதுங்."

"சரியா இருக்குதுங்கய்யா."

கேசட்டின் ஒரு பக்கம் முடியப்போகிற சமயத்தில்தான் அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்குத் தைரியம் வந்தது.

"நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா, அம்மணி? அதுக்கப்புறம்?"

கோகிலவாணி பென்சிலை மேசையில் வைத்தாள்.

"அப்பவும் அந்த ஜால்ரா அடிச்சுட்டுத்தான் இருக்குமுங்."