இரண்டாவது ஃபார்ம் 16

தியான வகுப்பு முடிந்துவிட்டது. எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாலிடெக்னிக் விரிவுரையாளர் தணிகாசலம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

குரு மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தும் தணிகாசலம் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

"அம்மா, நேர்மையா இருந்து நான் என்னத்தைக் கண்டேன்?"

"என்ன நடந்தது?"

தணிகாசலமும் அவருடைய நண்பர் ஞானசிகாமணியும் போன வருடம் ஒரு மாலைக் கல்லூரியிலும் பாடம் எடுத்தார்கள். இருவரும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து ரீஃபண்டும் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாலைக் கல்லூரியின் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டும் சான்றிதழான ஃபார்ம் 16 வந்து சேர்ந்தது.

"அந்தச் சம்பளத்தையும் சேர்த்து ரிட்டர்னைத் திருத்திப் போட்டேன். வந்த ரீஃபண்டும் போச்சு. மேல வட்டியோட வரி கட்டினேன். அவன் கமுக்கமா இருந்துட்டான். இப்ப புது ஸ்கூட்டர்ல வர்றான். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரா நிறுத்திட்டு, துணி வச்சுத் துடைக்கிறான். பாடம் நடத்தும்போதுகூட அந்த வண்டிதான் கண்ணுல நிக்குது."

"திருத்தலைன்னு அவர் சொன்னாரா?"

"சொல்லணுமா என்ன? வண்டியைப் பார்த்தாலே தெரியுதே. வரி ஆபீசுக்குப் புகார் எழுதி வச்சிருக்கேன். அனுப்பட்டுமா?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க. இப்பவே கேளுங்க."

தணிகாசலம் தயங்கித் தயங்கி போன் போட்டார். ஸ்பீக்கரில் ஞானசிகாமணியின் குரல் உற்சாகமாக வந்தது.

"அதுவா? அந்த ஃபார்ம் வந்த வாரமே திருத்திப் போட்டுட்டேன்யா. நல்ல அடி! நல்லவேளை, பொண்ணு வேலைக்குப் போய் வண்டி வாங்கிக் குடுத்தா. ஆமா, நீ இன்னும் திருத்தலையா? நான் வேணா வந்து போட்டுத் தரட்டுமா?"

"இல்ல... போட்டாச்சு" என்று தணிகாசலம் போனை வைத்தார்.

"இப்ப நிம்மதியா?" என்றார் குரு.

தணிகாசலம் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"இல்லம்மா. முன்னைவிட அதிகமா எரியுது. ஏன்னு தெரியல."

மங்கையர்க்கரசி பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அவர் ஏமாத்தியிருக்கணும்னு எத்தனை நாளா வேண்டிக்கிட்டு இருந்தீங்க?"