மேசையின் மூச்சு

சீடருக்கு நாற்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பது. சிரிக்காதீர்கள், கம்ப்யூட்டர் கோட் எழுதக் கற்க வந்த இடத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்?

சீடர் இருதயராஜுக்குக் காலையிலிருந்தே வேர்த்து வழிந்தது. நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து ஆக்சிஜன் அளவைப் படித்து, நர்ஸ் பார்க்கும் திரைக்குக் கொடுக்கிற கோட் துண்டை, அதாவது மெத்தட்டை, அவர்தான் எழுதியிருந்தார். சாயங்காலம் அது ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

"என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார் குரு நிலோஃபர்.

"ஒண்ணுமில்ல மேடம்."

சரியென்று நிலோஃபர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் இருதயராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தானே போய் நிலோஃபர் முன் நின்றார்.

"மேடம், என் மெத்தட் எக்ஸெப்ஷனே எறியாது, கோளாறுன்னு வெளிய கத்தவே கத்தாது. என்ன கோளாறு வந்தாலும் உள்ளயே கேட்ச் பண்ணி அமுக்கிட்டு, கடைசியா வந்த அளவையே திருப்பிக் கொடுத்துடும். நல்லதுதானே?"

நிலோஃபர் கிளிப்பை அவர் விரலில் மாட்டினார். திரையில் 97. கழற்றி மேசை விளிம்பில் மாட்டினார். 97. வயரையே பிடுங்கிப் போட்டார். அப்போதும் 97.

"மேசை நல்லா மூச்சு விடுது சார்."

அடக் கடவுளே, மேசைக்குப் பதில் ஒரு நோயாளி இருந்திருந்தால்? இருதயராஜ் ஓடிப்போய் அந்தக் கேட்ச் வரிகளை அழித்தார். அளவு கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷனை எறியும்படி எழுதினார். எறியக்கூடும் என்று மெத்தட்டின் முதல் வரியிலேயே அறிவித்தும் வைத்தார்.

அவ்வளவுதான், அந்த மெத்தட்டைக் கூப்பிடுகிற நர்ஸ் திரையின் கோட் முழுக்கப் பிழைக்கோடுகளால் சிவப்பாகிவிட்டது. எக்ஸெப்ஷன் வந்தால் என்ன செய்வாய் என்று அங்கே எழுதாதவரை நகரமாட்டேன் என்று பிழை பார்க்கும் கம்பைலர் உட்கார்ந்துகொண்டது.

"மேடம், நான் தவறலாம்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கே. கூப்பிடுறவங்க பயந்துட மாட்டாங்களா?"

குரு அவர் நெற்றியைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது?"

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"பயமா இருக்கு மேடம். அந்தத் திரையோட கோட் எனக்குப் புரியவே இல்ல. சாயங்காலத்துக்குள்ள என்னால முடியாது."

நிலோஃபர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில ஒண்ணுமில்லன்னீங்க. நானும் 97னு நம்பிட்டுப் போயிட்டேன் சார். இப்ப முடியாதுன்னு சொன்னதாலதான் வந்து உக்கார்றேன்."