நன்றாக ஓடுகிற வண்டி

நல்லசிவம் வாத்தியார் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனை ஒருநாளும் மன்னித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்ற பிறகு, தன் மகள் வயதுள்ள ஒரு மெக்கானிக்கிடம் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

காரணம் அவர் மனைவி சௌந்தரம். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் மலையிறங்கி, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இறங்க நாற்பது வளைவு, ஏற நாற்பது வளைவு. முடித்துவிட்டு வருகிறபோது அவளுக்கு நிற்கத் தெம்பு இருக்காது. பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பது ஒரே ஒரு கார். அதற்கு வயது இருபத்துமூன்று.

மாசி மாதத்தில் ஒருநாள் இறங்கும்போது அந்தக் கார் பதினாறாவது வளைவில் படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம். சௌந்தரம் பின் சீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். வாத்தியார் நடுரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினார். ஒரு காய்கறி வேன் நின்றது, அவள் பிழைத்தாள்.

மறுநாள் காலையிலேயே பூங்கோதையின் பட்டறைக்குப் போய்விட்டார். மலைமேல் கடைவீதி முடிகிற இடத்தில் அவள் பட்டறை. அதிகம் பேசமாட்டாள்.

"எனக்கு இந்த வண்டியைப் பத்திக் கத்துக்கொடுங்க, மேஸ்திரியம்மா."

"எவ்வளவு கத்துக்கணும் சார்?"

"இனிமே இது வழியில நிக்கக் கூடாது. அவ்வளவு."

பூங்கோதை பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கினாள். அதன் உள்பக்கம் முழுக்க சாக்பீஸ் எழுத்து. எந்த வண்டிக்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அதில் அவர் காரின் எண்ணையும் எழுதி, பக்கத்தில் ஏழெட்டு வரி சேர்த்தாள்.

"இதுதான் பாடம். சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க."

வாத்தியார் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. இன்ஜின் ஆயில் மாற்றக் கற்றார். ஃபேன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தே தேய்மானம் சொல்லக் கற்றார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்காமல் சாவியைத் திருகுவதில்லை என்று வைராக்கியம். மாசிக்கு அப்புறம் வண்டி ஒருமுறை கூட நிற்கவில்லை.

அங்கேதான் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ஆனி மாதத்தில் பூங்கோதை சொன்னாள்.

"பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு சார். அடுத்த சனிக்கிழமை மாத்திடலாம்."

"பிரேக் கல்லு மாதிரி பிடிக்குதே."

"பிடிக்கும்."

"அப்புறம் எதுக்கு மேஸ்திரியம்மா? நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கைவைக்கணும்? பழைய வண்டி. ஒண்ணைப் பிரிக்கப் போக, இல்லாத கோளாறெல்லாம் கிளம்பும்."

பூங்கோதை ஷட்டரில் 'ஆனி' என்று இருந்ததை அழித்து 'ஆடி' என்று எழுதினாள்.

ஆடியில், ஆடி மாதத்தில் வேண்டாமே என்றார். ஆவணியில் கல்யாண வீடு என்றார். புரட்டாசி பிறந்ததும் அவரே ஒரு யோசனை சொன்னார்.

"ஆயுத பூஜை வருதுல்ல? அன்னைக்கே மாத்திடுவோம். பூஜையும் ஆச்சு, சர்வீஸும் ஆச்சு."

கணக்கு வாத்தியாருடைய கணக்கு இது. ஆயுத பூஜையன்று பட்டறையில் ஆயுதம் எல்லாம் சாமி முன்னால் இருக்கும், மறுநாள் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று மனசு நினைத்துவிட்டால் தோன்றாது, வேறென்ன?

பூஜையன்று மத்தியானம் காரை மணப்பெண் மாதிரி ஜோடித்துக்கொண்டு வந்தார். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சௌந்தரமும் பட்டுப்புடவை கட்டி முன் சீட்டில் வந்திருந்தாள்.

பட்டறையில் பூஜை முடிந்து, வேலையாட்கள் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்பானர்களும் ஜாக்கியும் வாழை இலையில், பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது.

பூங்கோதை பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"நாளைக்கு இறங்கணும்ல சார்?"

"காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்."

"ம்."

"பரவாயில்ல மேஸ்திரியம்மா. நாளைக்குப் போயிட்டு வந்து மாத்திக்கலாம். நீங்களே மிதிச்சுப் பாருங்க, எப்படிப் பிடிக்குதுன்னு."

அவள் மிதித்துப் பார்க்கவில்லை. பட்டறையில் கிடந்த பழைய கரண்ட் அடுப்பை வாசலுக்கு எடுத்து வந்து, மேலே ஒரு இரும்புத் தகட்டைப் போட்டாள். இரண்டு தகர மூடி எடுத்தாள். காரிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் பழைய ஆயில் இழுத்து ஒரு மூடியில் விட்டாள். சீல் பிரிக்காத டப்பாவைத் திறந்து புது ஆயிலை இன்னொன்றில் ஊற்றினாள். இரண்டையும் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தள்ளி நின்றுகொண்டாள்.

"பாருங்க சார்."

வாத்தியார் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழைய ஆயிலில் ஒரு குமிழி வந்தது. அதன்பின் நாலைந்து. அப்புறம் சோற்றுப்பானை மாதிரி தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தது. பக்கத்து மூடியில் புது ஆயில் அசையாமல் இருந்தது.

"ஏன் இது மட்டும்?"

"ரெண்டு வருஷமா காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்கு. தண்ணி சேர்ந்தா சீக்கிரம் கொதிக்கும்."

"நான் மிதிக்கிறப்ப பிடிக்குதே?"

"வீட்டு வாசல்ல பிடிக்கும். முதல் வளைவுல பிடிக்கும். மிதிச்சு மிதிச்சு இறங்குறப்ப பிரேக் சூடாகும். முப்பதாவது வளைவு வர்றப்ப உள்ள இந்த மாதிரி கொதிச்சா, நீங்க மிதிக்கிறது ஆயிலை இல்ல சார். நுரையை."

"மிதிச்சா?"

"பெடல் தரை வரைக்கும் போகும்."

வாத்தியார் முன் சீட்டைப் பார்த்தார். சௌந்தரம் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையில் வைத்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான்கு மாதம். வாரத்துக்கு இரண்டு நாள். இவளை வைத்துக்கொண்டுதான் இறங்கினோம் என்று நினைத்தபோது தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இன்னைக்கே மாத்தணும். எவ்வளவு நேரமானாலும் சரி."

"சரி சார்."

"ஆனா ஆயுதமெல்லாம்..."

பூங்கோதை சாமி முன்னால் போய் நின்றாள். ஒரு கும்பிடு போட்டாள். இலையிலிருந்து ஜாக்கியையும் இரண்டு ஸ்பானரையும் எடுத்தாள்.

"பூஜையில வச்சதை எடுக்கலாமா?"

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். நீங்க மாலையைக் கழட்டுங்க, தடுக்குது."

பிரேக் ஆயில் மாற்றி உள்ளே புகுந்த காற்றை எடுக்க மூன்று ஆள் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் ஆயில் வடிக்கிற நிப்பிளைத் திறந்து மூட, ஒருவர் டப்பா காலியாகாமல் புது ஆயிலை ஊற்ற. வேலையாட்கள் இல்லை. சௌந்தரம் தானே இறங்கி, சுற்றி வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதிக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

பின் சக்கரத்தில் ஆரம்பித்தார்கள். வாத்தியார் தரையில் சாக்கை விரித்துப் படுத்தார்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே பிடி." நிப்பிளைத் திறந்தார். கறுத்த ஆயில் குழாய் வழியே பாட்டிலில் இறங்கியது. மூடினார். "விடு."

"விட்டுட்டேன்."

"மிதி."

இருபது தடவை, முப்பது தடவை. குமிழி நிற்கிற வரைக்கும், நிறம் வெளுக்கிற வரைக்கும். ஒரு சக்கரம் முடிந்தால் அடுத்தது. வாத்தியாருக்கு முதுகு விட்டுப்போனது. வியர்வையில் விபூதி கண்ணில் வழிந்தது. துடைக்கக்கூட அவர் எழவில்லை. மூன்று சக்கரம் முடிந்தது.

கடைசியாக டிரைவர் பக்கத்து முன் சக்கரம். கதவு திறந்திருந்தது. சௌந்தரத்தின் கால் நடுங்குவது அவருக்குத் தெரிந்தது.

"மிதி."

அவள் மிதிக்கவில்லை.

"என்னங்க, நாளைக்கு ஒரு தடவை மட்டும் போகாம விட்டா என்ன?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"மூச்சு முட்டலை. கால் வீங்கலை. ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் ரணமாக் கிடக்கு. நல்லாத்தானே இருக்கேன்? நல்லா இருக்கிறப்பவும் எதுக்குங்க இப்படிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறீங்க?"

வாத்தியார் அவள் கையைப் பார்த்தார். வேண்டாம் விடு, நாளைக்கு வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஸ்பானரைப் பிடித்தபடி பூங்கோதையைப் பார்த்தார்.

அவள் டப்பாவில் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நல்லா இருக்கீங்கல்லம்மா, அதான் போகணும். மிதிங்க."